பெயர், ஊதியம், உரிமை: ராக், பாப் இசைப்பதிவுகளில் விருந்துக் கலைஞரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ராக், பாப் இசைப்பதிவுகளில் குழுவைச் சாராத கலைஞர் ஒருவர் ஒரு பாடலுக்கு மட்டும் வந்து வாசிப்பதும் பாடுவதும் 1960களிலிருந்து பெருவழக்காக உள்ளது. அத்தகைய பங்களிப்புகள் பல, பாடலின் அடையாளமாகவே கேட்போர் நினைவில் நின்றுவிட்டன. ஆயினும் திறனாய்வு அவற்றை அணிகலனாகவோ சுவையான துணுக்குச் செய்தியாகவோ மட்டுமே கையாண்டு வந்துள்ளது. பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜெர்ரி ராஃபர்ட்டி, புளூபெல்ஸ் ஆகியோரின் பதிவுகள் சிலவற்றை முன்வைத்து, விருந்துக் கலைஞரின் பங்களிப்பைப் பெயர், ஊதியம், உரிமை என்னும் மூன்று கூறுகளாகப் பிரித்து மதிப்பிட வேண்டும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதே இத்துறை சார்ந்த தவறான மதிப்பீடுகளுக்குக் காரணம் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: விருந்துக் கலைஞர், ராக் இசை, இசைப்பதிவு, கூட்டுப் படைப்புரிமை, நிகழ்த்துநர் உரிமை, பீட்டில்ஸ், கிளேர் டோரி, மெர்ரி கிளேட்டன்

1. முன்னுரை

இசைப்பதிவு என்பது பலர் கூடிச் செய்யும் பணி. எனினும் அது சந்தைக்கு வரும்போது ஒரு பாடகரின் பெயரையோ ஒரு குழுவின் பெயரையோ தாங்கியே வருகிறது. உறையின் முகப்பில் உள்ள அப்பெயருக்கும் உள்ளே ஒலிக்கும் கைகளுக்கும் குரல்களுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் விருந்துக் கலைஞரின் பங்களிப்பு ஆகும்.

இது குறித்து எழுதுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். பாடலை எழுதியவரே படைப்பாளர், வந்து வாசித்தவர் அவருடைய எண்ணத்தை நிறைவேற்றிய கருவி என்பது ஒன்று. மறக்கவியலாத பகுதியை வாசித்தவரே உண்மையான படைப்பாளர், அவர் ஏமாற்றப்பட்டார் என்பது மற்றொன்று. முதல் நிலைப்பாடு உறையில் அச்சான பெயரை அப்படியே நம்புகிறது. இரண்டாவது, கேட்பவரின் நினைவை அப்படியே நம்புகிறது. இரண்டுமே பதிவுக்கூடத்தில் நிகழ்ந்ததை ஆராய்வதில்லை.

ஒவ்வொரு பதிவின்பாலும் இரு வினாக்களை எழுப்பி விடை காண்பது இக்கட்டுரையின் முறையாகும். விருந்துக் கலைஞரின் பங்களிப்பை நீக்கினால் பாடலில் எஞ்சுவது யாது என்பது முதல் வினா. அப்பங்களிப்பில் ஒலிக்கும் சுரங்களைத் தீர்மானித்தவர் யார் என்பது இரண்டாம் வினா. முதலாவதை நீக்கல் வினா என்றும் இரண்டாவதைத் தீர்மான வினா என்றும் இங்குக் குறிப்பிடலாம்.

2. விருந்துக் கலைஞர்: சொல்லும் வரையறையும்

பதிவுக்கூடத்தில் வெளியிலிருந்து வந்து வாசிப்போர் இரு வகையினர். மணிக்கணக்கிலோ அமர்வுக் கணக்கிலோ ஊதியம் பெற்று, எழுதிக் கொடுத்ததையோ கேட்டுக்கொண்டதையோ வாசித்துச் செல்வோர் ஒரு வகை. இவர்களை ஊதிய இசைஞர் எனலாம். தமக்கெனப் பெயரும் தனி நடையும் உடையவராய், அந்த நடைக்காகவே அழைக்கப்படுவோர் மற்றொரு வகை. பொதுவழக்கில் இவர்களே விருந்துக் கலைஞர் எனப்படுவர். தமிழ்த் திரைப்படப் பெயர்ப் பட்டியல்களில் இடம்பெறும் ‘கௌரவத் தோற்றம்’ என்னும் தொடர் இந்த இரண்டாம் வகைக்கே பொருந்தும். கச்சேரி மேடையின் பக்கவாத்தியம் இவ்விரண்டினும் வேறுபட்டது. பக்கவாத்தியக் கலைஞர் மேடையின் நிலையான உறுப்பினர். விருந்துக் கலைஞரோ ஒரு பாடலோடு நீங்கிவிடுபவர்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுவதும் இப்பொருளிலேயே ஆகும். புதிதாக வந்தவர், புதியதைக் கொணர்ந்தவர் என்னும் இரு பொருளும் ஒருசேர அமைவதால் ‘விருந்துக் கலைஞர்’ என்னும் சொல்லாட்சி இந்த ஆய்வுக்கு ஏற்புடையதாகிறது. இப்பொருளை ஏற்றுக்கொண்டால், ஊதிய இசைஞராக அழைக்கப்பட்டவரும் பாடலில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொணரும்போது விருந்துக் கலைஞர் ஆகிறார். இவ்விரு வகைகளுக்கு இடையிலான எல்லை அழைக்கும்போது வரையப்பட்டுவிடுவதில்லை. வாசிப்பில்தான் அது முடிவாகிறது. கீழ்வரும் சான்றுகள் இதனை விளக்கும்.

3. ஒரே குழு, நான்கு வகைப் பெயரிடல்

விருந்துக் கலைஞரின் பெயர் உறையில் இடம்பெறாமைக்கு ‘அக்காலத்தில் அவ்வழக்கம் இல்லை’ என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பீட்டில்ஸ் குழுவின் 1966 முதல் 1969 வரையிலான பதிவுகள் இக்காரணத்தை ஐயுற வைக்கின்றன.

1966இல் வெளியான ‘ரிவால்வர்’ தொகுப்பில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய ‘லவ் யூ டு’ பாடலுக்குத் தபலா வாசித்தவர் அனில் பகவத். அவர் பெயர் உறையில் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ தொகுப்பில் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’ இடம்பெற்றது. லண்டனிலிருந்த ஆசிய இசை வட்டத்தின் வாயிலாக வந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபா, தபலா, தம்புரா முதலியவற்றை அதில் வாசித்தனர். ஒருவர் பெயரும் உறையில் இல்லை. 1968 செப்டம்பர் 6 அன்று எரிக் கிளாப்டன் ‘வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாடலுக்குக் கிதார் வாசித்தார். அவர் பெயரும் உறையில் இல்லை. 1969 ஏப்ரலில் வெளியான ‘கெட் பேக்’ தனித்தட்டிலோ ‘பீட்டில்ஸ், உடன் பில்லி பிரஸ்டன்’ என்னும் பொருள்பட விசைப்பலகைக் கலைஞரின் பெயர் குழுவின் பெயரோடு லேபிளிலேயே அச்சாயிற்று.

நான்கு ஆண்டுகளில் ஒரே குழு, ஒரே நிறுவனத்தின் வெளியீட்டில், நான்கு விதமாக நடந்துகொண்டிருக்கிறது. எனவே பெயரிடும் வழக்கம் இருந்தது என்பதும், அது யாருக்கு எப்போது பொருந்தும் என்பதே தீர்மானமாகாமல் இருந்தது என்பதும் தெளிவாகின்றன.

இந்நான்கனுள் இடையில் நிற்கும் இரண்டும் ஒப்பிடத்தக்கவை. கிளாப்டன், இந்தியக் கலைஞர்கள் ஆகிய இரு தரப்பினரும் உறையில் பெயரற்றவர்களே. ஆனால் பெயரின்மையின் விளைவு இரு தரப்பினருக்கும் ஒன்றாக இல்லை. கிளாப்டன் அப்போதே கிரீம் குழுவின் கிதார் கலைஞராகப் புகழ் பெற்றிருந்தார். அவர் வாசித்தது விரைவில் பலருக்கும் தெரிந்த செய்தியாயிற்று. பெயர் இல்லாதது அப்பாடலைச் சுற்றிய கதையின் சுவையைக் கூட்டியதேயன்றி அவருக்கு இழப்பு எதனையும் உண்டாக்கவில்லை. கிரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாடலில் ஹாரிசன் புனைபெயரில் வாசித்துக் கைம்மாறு செய்ததும் அக்கதையின் ஒரு பகுதியாயிற்று. இந்தியக் கலைஞர்களின் நிலை வேறு. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகிய பெயர்கள் பொதுவெளியில் பரவலாக அறியப்பட்டது 2017இல், அத்தொகுப்பின் பொன்விழா ஆண்டில்தான்.

வாசிப்பின் தன்மையையும் நோக்குதல் வேண்டும். ‘விதின் யூ விதவுட் யூ’ பாடலில் தில்ருபா, பாடகரின் குரலை ஒட்டியே செல்கிறது. கர்நாடக இசையில் வயலின் குரலைத் தொடர்வதைப் போன்றது இது. இடையில் வரும் இசைப்பகுதி பத்து அட்சரச் சுழற்சிக்கு மாறும்போது தில்ருபாவும் சித்தாரும் வினாவிடையாக வாசிக்கின்றன. பின்னர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிச் சேர்த்த மேற்கத்திய நரம்பிசை, தில்ருபாவின் இழைவுகளையே பின்பற்ற முயல்கிறது. நீக்கல் வினாவை இங்கு எழுப்பினால், தில்ருபாவை எடுத்தபின் பாடலின் மொழியே எஞ்சாது என்பது விடையாகும். தீர்மான வினாவுக்கு விடை வேறு. மெட்டையும் அமைப்பையும் தீர்மானித்தவர் ஹாரிசன். எனவே படைப்புரிமை அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் படைப்புரிமை இல்லாததால் பெயருக்கும் தகுதியில்லை என்று கொள்ள முடியாது.

அத்தொகுப்பின் மேற்கத்திய நரம்பிசைக் கலைஞர்களும் உறையில் பெயரற்றவர்களே என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு சரியானதே. ஆனால் அவர்களுடைய பெயர்கள் பதிவு ஆவணங்களில் காக்கப்பட்டன. மார்க் லூயிசன் 1988இல் வெளியிட்ட பீட்டில்ஸ் பதிவமர்வுகள் பற்றிய நூல் வயலின், செல்லோ கலைஞர்களைப் பெயரிட்டுச் சுட்டுகிறது. இந்தியக் கலைஞர்களைப் பெயரின்றியே குறிக்கிறது. உறையில் விடுபட்டவர் ஆவணத்தில் மீளலாம். ஆவணத்திலும் விடுபட்டவர் வரலாற்றிலிருந்தே விடுபடுகிறார்.

கிளாப்டன் தொடர்பாகப் பலமுறை சொல்லப்பட்ட ஒரு செய்தி இதனை வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்துகிறது. ஹாரிசன் அழைத்தபோது, பீட்டில்ஸ் பதிவுகளில் வெளியார் எவரும் வாசிப்பதில்லை என்று கூறி அவர் தயங்கினார் என்பது அச்செய்தி. அதற்கு முன்பே அனில் பகவத், தில்ருபா கலைஞர்கள், ‘பென்னி லேன்’ பாடலுக்குச் சிறு டிரம்பெட் ஊதிய டேவிட் மேசன் எனப் பலரும் வாசித்திருந்தனர். ‘எவரும்’ என்னும் சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. ராக் உலகின் இணையான கலைஞர் மட்டுமே அச்சொல்லின் பொருளானார். கிளாப்டனை இதற்காகக் குறைகூற வேண்டியதில்லை. அவர் வெளிப்படுத்தியது அத்தொழிலின் பொது நோக்கு.

4. சொல்லற்ற குரல்: கிளேர் டோரி

1973இல் வெளியான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பில் உள்ள ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’, தீர்மான வினாவுக்கு முற்றிலும் வேறான விடையைத் தருகிறது. அதன் இசையடுக்கைத் தந்தவர் விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட். 1972இல் அக்குழு இதனை மேடையில் நிகழ்த்தியபோது, ஆர்கன் இசையின்மீது மறைநூல் வாசகங்களின் ஒலிப்பதிவு இடம்பெற்றது. ஆகவே கிளேர் டோரி இல்லாத அப்பாடல் எவ்வாறிருந்தது என்பதை ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. அது மரணத்தைப் பற்றிய ஒரு சொற்பொழிவின் பின்னணியாக இருந்தது.

ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் பரிந்துரையால், 1973 ஜனவரி 21, ஞாயிறன்று டோரி பதிவுக்கூடத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு அகவை 25. அவருக்குப் பாடல் வரியோ மெட்டோ கொடுக்கப்படவில்லை. பொருள் மரணம் என்பது போன்ற பொதுவான குறிப்பே கிடைத்தது. முதலில் வழக்கமான பாப் பாடற்சொற்களை இட்டுப் பாடிப்பார்த்தார். அது வேண்டாம் எனப்பட்டது. பிறகு தம் குரலை ஓர் இசைக்கருவியாகக் கருதிப் பாட முற்பட்டார். இரண்டு முழு முயற்சியும் ஒரு பாதி முயற்சியும் பதிவாயின. அவற்றின் பகுதிகளை இணைத்து இன்று நாம் கேட்கும் வடிவம் உருவாக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குரிய இரட்டை ஊதியமாக அவருக்கு 30 பவுண்டு வழங்கப்பட்டது. தம் குரல் பயன்படுத்தப்படும் என்ற நம்பிக்கையின்றியே அவர் வெளியேறினார்.

அப்பாடலில் குரல் செல்லும் வழியைக் கவனித்தால், அது அழகூட்டலன்று, ஒரு வாதம் என்பது புலனாகும். முரசுகள் தொடங்கும் இடத்தில் குரல் உச்சத்தில் நுழைகிறது. எதிர்ப்பும் அலறலுமாக மேலேறுகிறது. பின்னர் பியானோ தனித்து நிற்கையில் அதே குரல் தாழ்ந்து, விம்மலாகி, இறுதியில் முணுமுணுப்பாக அடங்குகிறது. எதிர்த்தல், களைத்தல், ஏற்றல் என்னும் இவ்வரிசை ரைட்டின் இசையடுக்கில் எழுதப்பட்டிருக்கவில்லை. இசையடுக்கு அதற்கு இடம் தந்தது. அவ்விடத்தில் எது நிகழ வேண்டும் என்பதைப் பாடியவர் முடிவு செய்தார். சொல் இல்லாத பாடலில் மெட்டும் பொருளும் ஒன்றே. அவ்விரண்டையும் தந்தவர் வந்து பாடியவர்.

இங்கு டோரியின் பெயர் மறைக்கப்படவில்லை என்பதை வலியுறுத்த வேண்டும். 1973 உறையிலேயே பாடகர் என அவர் பெயர் இருந்தது. இல்லாதது படைப்பாளர் என்னும் உரிமை. 2004இல் அவர் அக்குழுவின் மீதும் இ.எம்.ஐ. நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் வந்த பதிப்புகளில் இப்பாடலின் படைப்பாளர்களாக ரைட், டோரி ஆகிய இருவரும் குறிக்கப்படுகின்றனர். பெயர் இருந்தும் உரிமை இல்லாமல் போகலாம் என்பதற்கு இது சான்று. ‘விதின் யூ விதவுட் யூ’ இதன் மறுதலை. அங்கு உரிமைக்கு இடமில்லை. ஆனால் பெயர் இருந்திருக்க வேண்டும்.

5. குரல் உடையும் இடம்: மெர்ரி கிளேட்டன்

ரோலிங் ஸ்டோன்ஸ் 1969இல் வெளியிட்ட ‘லெட் இட் பிளீட்’ தொகுப்பின் முதற்பாடல் ‘கிம்மி ஷெல்டர்’. போரும் வன்முறையும் அதன் பொருள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறுதிக்கட்டப் பதிவு நடந்தபோது, பெண்குரல் ஒன்று தேவை எனக் கருதி, இசையமைப்பாளர் ஜாக் நிட்சே மெர்ரி கிளேட்டனை நள்ளிரவு வேளையில் தொலைபேசியில் அழைத்தார். அப்போது கிளேட்டன் கருவுற்றிருந்தார். உறக்க உடையிலேயே சென்று பாடியதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

தீர்மான வினாவை இங்கு எழுப்பினால் விடை எளிதன்று. சொற்களும் மெட்டும் முன்பே எழுதப்பட்டவை. அவர் அவற்றையே பாடினார். ஆனால் பாடலின் பிற்பகுதியில் தனித்து ஒலிக்கும்போது அவர் குரல் உச்ச சுருதியில் உடைகிறது. ஒருமுறை மட்டுமன்று, மீண்டும் உடைகிறது. பின்னணியில் மிக் ஜாகர் வியந்து கூவுவதும் பதிவில் கேட்கிறது. அக்கூவல் நீக்கப்படாமல் விடப்பட்டதே, அங்கு எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது என்பதற்கான சான்றாகும். எழுதப்பட்ட சுரம் ஒன்று, ஒலித்தது மற்றொன்று. பாடலின் அச்சம் சொல்லில் சொல்லப்பட்டிருந்தது. குரல் உடைந்தபோது அது உண்மையாயிற்று.

பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கில் குரல் உடைதல் எழுத்தாகாது. எனவே கிளேட்டனுக்குப் படைப்புரிமை இல்லை. ஆயினும் கேட்போரில் பலர் அப்பாடலை நினைக்கும்போது நினைப்பது அவ்விடத்தையே. நிகழ்த்துதலுக்கென ஒரு மதிப்புச் சொல் திறனாய்வில் இல்லாத குறை இங்குத் தெளிவாகிறது. எழுதியவர், வாசித்தவர் என்னும் இருமைக்குள் இந்நிகழ்வு அடங்குவதில்லை.

முதற்பதிப்பின் உறையில் அவர் பெயர் ‘மேரி’ எனப் பிழையாக அச்சாயிற்று. அப்பதிவுக்குப் பின் வீடு திரும்பிய அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. பாடிய உழைப்பே காரணம் எனப் பலரும் எழுதியுள்ளனர். அக்காரணத் தொடர்பை உறுதி செய்வது திறனாய்வின் பணியன்று. ஆனால் அத்துயரத்தைப் பாடலின் வீரியத்துக்குச் சான்றாக மீண்டும் மீண்டும் எடுத்தாளும் எழுத்து முறை கண்டிக்கத்தக்கது. குரல் உடைந்ததன் கலைமதிப்பு பதிவிலேயே கேட்கிறது. அதனை நிறுவப் பாடகியின் வாழ்க்கை இழப்பு தேவையில்லை. 1970இல் அவர் அதே பாடலைத் தம் பெயரில் பாடி, அதனையே தலைப்பாகக் கொண்டு தனித்தொகுப்பு வெளியிட்டார். பின்னணிப் பாடகியரைப் பற்றிய ‘20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ என்னும் 2013ஆம் ஆண்டு ஆவணப்படம் அவரை மீண்டும் பேச வைத்தது. பிழையாக அச்சான பெயர் பலருக்கும் முகத்தோடு அறிமுகமாக 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

6. எதிர்ச்சான்று: பேக்கர் ஸ்ட்ரீட்

இதுவரை கண்ட சான்றுகள், மறக்கவியலாத பகுதி எதுவாயினும் அது வந்து வாசித்தவரின் படைப்பே என்னும் பொதுமுடிவுக்கு ஒருவரை இட்டுச் செல்லக்கூடும். அம்முடிவைத் தடுக்கும் சான்று ஜெர்ரி ராஃபர்ட்டியின் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’.

1978இல் வெளியான இப்பாடலின் புகழ், தொடக்கத்திலும் இடையிலும் வரும் சாக்ஸபோன் இசைத்தொடரைச் சார்ந்தது. வாசித்தவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். பாடலில் தமக்காக விடப்பட்டிருந்த இடைவெளியைத் தாமே நிரப்பியதாக அவர் கூறிவந்தார். அக்கூற்று பரவலாக நம்பப்பட்டது. ஏமாற்றப்பட்ட ஊதிய இசைஞர் என்னும் கதைக்கு அவர் எடுத்துக்காட்டானார். ஆனால் 2011இல் அத்தொகுப்பின் மறுபதிப்போடு வெளியான முன்வரைவுப் பதிவில், அதே இசைத்தொடர் கிதாரில் ஒலிக்கிறது. சுரங்களைத் தீர்மானித்தவர் ராஃபர்ட்டி என்னும் முடிவுக்கே அது வலுச்சேர்க்கிறது.

இதனால் ரேவன்ஸ்கிராஃப்டின் பங்களிப்பு ஒன்றுமில்லை என்றாகாது. கிதாரில் அமைதியாகச் செல்லும் அத்தொடர் சாக்ஸபோனில் நகரத் தெருவையே நிரப்பும் அறைகூவலாகிறது. மூச்சின் அழுத்தமும் சுரத்தை எட்டிப்பிடிக்கும் விதமும் அவருடையவை. நீக்கல் வினாவில் அவர் தேறுகிறார். தீர்மான வினாவில் தேறவில்லை. நினைவில் நிற்பதும் படைப்பதும் வேறுவேறு என்பதே இச்சான்று தரும் பாடம். கேட்பவரின் நினைவு வாசித்தவரைப் பற்றுகிறது. முன்வரைவுப் பதிவு போன்ற ஆவணம் கிடைக்கும்போது அந்நினைவு திருத்தப்பட வேண்டும்.

7. நீதிமன்றம் ஏறிய வயலின்

தீர்மான வினாவை நீதிமன்றமே விசாரித்த ஒரு நிகழ்வும் உண்டு. ஸ்காட்லாந்தின் புளூபெல்ஸ் குழு 1984இல் வெளியிட்ட ‘யங் அட் ஹார்ட்’ பதிவில், பாபி வாலன்டினோ என அறியப்பட்ட ராபர்ட் பெக்கிங்ஹாம் வயலின் வாசித்தார். அமர்வுக்கு அவர் பெற்ற ஊதியம் 75 பவுண்டு. 1993இல் கார் விளம்பரம் ஒன்றில் அப்பாடல் இடம்பெற்றது. மறுவெளியீடு கண்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் வாலன்டினோ கூட்டுப் படைப்புரிமை கோரினார்.

2002இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இத்தீர்ப்பில் இருசெய்திகள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. முதலாவது, வயலின் பகுதியை அமைத்தவர் யார் என்பதை நீதிமன்றம் விசாரித்தது. பாடலாசிரியர் சொல்லித்தந்ததை வாசித்தார் என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. இது தீர்மான வினாவே ஆகும். இரண்டாவது, கூட்டுப் படைப்பாளர் ஆக வேண்டும் என்னும் எண்ணம் இருதரப்பிலும் முன்னரே இருந்திருக்க வேண்டும் என்னும் வாதமும் ஏற்கப்படவில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் அத்தகைய எண்ணத்தை ஒரு நிபந்தனையாகக் கொள்கின்றன. பிரிட்டிஷ் தீர்ப்பு பங்களிப்பையே நோக்கியது. அழைக்கும்போது எவராகக் கருதப்பட்டார் என்பதன்று, வாசித்தபோது எதைச் செய்தார் என்பதே அளவுகோலாயிற்று. இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியில் கூறிய வரையறையோடு இது பொருந்துகிறது.

8. பெயர், ஊதியம், உரிமை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கும்போது, மூன்று கூறுகளும் தனித்தனியே இயங்குவது தெளிவாகிறது. டோரிக்குப் பெயர் இருந்தது, உரிமை இல்லை. தில்ருபா கலைஞர்களுக்குப் பெயரே இல்லை. கிளேட்டனுக்குப் பெயர் பிழையாக இருந்தது. வாலன்டினோவுக்கு ஊதியத்தோடு முடிந்ததாகக் கருதப்பட்டது, பின்னர் உரிமையும் ஏற்கப்பட்டது.

ஊதியமே பெறாதவரும் உண்டு. மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாடலுக்கு எடி வான் ஹாலன் 1982இல் ஊதியமின்றிக் கிதார் வாசித்தார். தம் தனிவாசிப்பு அமையும் பகுதியின் இசையடுக்கையே அவர் மாற்றியமைக்கச் செய்தார். தீர்மான வினாவின்படி அவர் பங்கு பெரிது. ஆயினும் அவர் உரிமை கோரவில்லை. நட்புக்காகச் செய்ததாகவே அதனைக் கருதினார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘வெயிட்டிங் ஆன் எ ஃபிரண்ட்’ (1981) பாடலுக்கு சாக்ஸபோன் வாசித்த ஜாஸ் மேதை சானி ராலின்ஸின் பெயர் உறையில் இல்லை. இவர்களுக்கும் கிளாப்டனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பெயரையோ பணத்தையோ விட்டுக்கொடுக்கும் வசதி இவர்களிடம் இருந்தது. விட்டுக்கொடுப்பதற்குக் கையில் ஏதேனும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு 30 பவுண்டு பெற்றவரின் நிலையை, நட்புக்காக வாசித்த நட்சத்திரத்தின் நிலையோடு வைத்து ‘அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ எனக் கூறுவது பொருந்தாது.

பெயர் வேறு, படைப்புரிமை வேறு என்னும் கருத்தைச் சட்டமும் காலந்தாழ்ந்து ஏற்றுக்கொண்டுள்ளது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நிகழ்த்துதல்கள், ஒலிப்பதிவுகள் குறித்த 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, தாம் நிகழ்த்தியதற்குத் தம் பெயர் சுட்டப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையை நிகழ்த்துநருக்கு வழங்குகிறது. இவ்வுரிமைக்கு அவர் படைப்பாளராக இருக்க வேண்டிய தேவையில்லை. வாசித்தார் என்பதே போதும்.

9. முடிவுரை

விருந்துக் கலைஞரின் பங்களிப்பை மதிப்பிடும் திறனாய்வாளர் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டியவராகிறார். வாசித்தவர் பெயர் சொல்லப்பட்டதா? வாசிப்புக்கு உரியது வழங்கப்பட்டதா? வாசித்தது படைப்பா? முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்னும் விடை ஒவ்வொரு பதிவிலும் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது தொழில்முறை சார்ந்தது. மூன்றாவது மட்டுமே பதிவுதோறும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது; ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ ஒரு விடையையும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ மற்றொரு விடையையும் தருகின்றன.

படைப்புரிமைப் பூசல்களே இதுவரை எழுத்தாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. அவற்றில் பணமும் வழக்கும் இருப்பதால் அது இயல்பே. ஆனால் படைப்புரிமை கோர முடியாத, கோரவும் எண்ணாத கலைஞர்களின் பெயர்களே விரைவில் அழிகின்றன. ‘விதின் யூ விதவுட் யூ’ பாடலின் தில்ருபா கலைஞர்கள் அதற்குச் சான்று. வழக்குத் தொடர்ந்தவர்களின் பெயர் தீர்ப்புகளில் நிற்கும். தொடராதவர்களின் பெயரைத் தேடித் தொகுப்பது, அக்கலைஞர்களும் அவர்களை அறிந்தவர்களும் வாழும் காலத்திலேயே ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.